ஐந்தாவது தட்டில் அழுத்தம்

மனைவியிடமிருந்து ஒரு வார்த்தையை, ஒரே ஒரு வார்த்தையை, ஆயுசுக்கும் மறைத்துவிடுவது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தட்டு மாஸ்டர் சபதம் எடுத்தார். இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் அவளிடம் எதையும் அரை மணி நேரத்துக்கு மேல் மறைத்ததில்லை. முயற்சி செய்திருக்கிறார். வெளியில் திருட்டுத்தனமாக டீ குடித்துவிட்டு வந்தால், முகத்தைப் பார்த்தே எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் இந்தத் தடவை அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. மறைக்க வேண்டியது ஆங்கில வார்த்தை. அவளோ எழுத்துக் கூட்டிப் படிப்பவள். எட்டெழுத்துக்கு மேல் போனால் பாதி வழியிலேயே இறங்கிக்கொள்வாள். இந்த வார்த்தை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நீண்டு கிடந்தது. ஏழு துண்டு.

கார்-டி-யோ-மை-ஆ-ப-தி.

அவளுடைய இதயத் தசை தளர்ந்து போயிருக்கிறது என்று பெரிய டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா வண்டி ஓடும். மாடிப்படி, பாரம், கவலை, மூணும் ஆகாது. எவ்வளவு தூரம் ஓடும்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

மாஸ்டர் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவர்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவருக்கு அவள், அவளுக்கு அவர், அவ்வளவுதான் குடும்பம். அதில் பாதி போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்தார். மிச்சம் அவர்தான். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

வெளியே பெஞ்சில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"ரத்தம் கம்மியாம்."

"எவ்வளவு கம்மி?"

"கொஞ்சம்."

"கொஞ்சத்துக்கா சட்டை இப்படி நனைஞ்சிருக்கு?"

"உள்ள ஃபேன் ஓடல."

"கிறீச் கிறீச்சுன்னு இங்க வரைக்கும் கேட்டுச்சே."

"சத்தம்தான் வந்துச்சு. காத்து வரல."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. முதல் சுற்றில் ஜெயித்துவிட்டதாக மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

மாஸ்டரின் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பயிற்சி நிலையத்தில் ஆங்கில உச்சரிப்புச் சொல்லிக்கொடுப்பவர். ஓட்டல் வரவேற்பிலும் தொலைபேசிக் கம்பெனியிலும் வேலை தேடுகிறவர்கள் அவரிடம் வருவார்கள். நீளமான வார்த்தை எதுவானாலும் அவர் பயப்படமாட்டார். துண்டு துண்டாக உடைப்பார். துண்டுக்கு ஒரு தட்டு என்று மேசையில் ஸ்கேலால் தட்டுவார். எந்தத் துண்டில் அழுத்தம் விழ வேண்டுமோ அங்கே ஓங்கி ஒரு போடு. மூன்று மேசைகளை இப்படியே முடித்துவிட்டிருக்கிறார். தட்டு மாஸ்டர் என்று பெயர் வந்தது அதனால்தான்.

தொழிலோடு ஒரு வியாதியும் ஒட்டிக்கொண்டது. மனசில் என்ன வார்த்தை ஓடுகிறதோ அதை அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் தானாகத் தட்டும். அவருக்கே தெரியாது. ஒருமுறை பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் வழுக்கையில் 'எக்ஸாமினேஷன்' தட்டிவிட்டு, அடி வாங்காமல் தப்பியது அவர் செய்த புண்ணியம்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு நர்ஸிடம், விஷயத்தை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். மருத்துவ அறிக்கையை எங்கே ஒளிப்பது என்பது அடுத்த கவலை. அலமாரி அவள் ராஜ்யம். பரண் அவள் ராஜ்யம். வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே நிலம், செங்கல் கனத்தில் ஒரு ஆங்கில உச்சரிப்பு அகராதி. அதற்குள், அந்த வார்த்தை இருக்கும் பக்கத்திலேயே, அறிக்கையை வைத்தார். தினமும் அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து எடுத்துப் படிப்பார். படித்ததும் அறிக்கை மாறியிருக்கவில்லை என்று தெரிந்துகொண்டு மறுபடி வைப்பார்.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. கீழ்த் தளத்தில் ஒரு வீடு காலியாகவே கிடந்தது. அவளைப் படி ஏறவிடாமல் தடுக்க மாஸ்டர் ஒரு திட்டம் போட்டார். திட்டத்தின் பெயர் முட்டி வலி.

"ஐயோ, முட்டி! இனிமே என்னால படி ஏற முடியாது. கீழ் வீட்டுக்குப் போயிடலாம்."

"கீழ் வீடு ஒரே ஈரம். உங்களுக்குச் சளி பிடிச்சா யார் பாக்குறது? முட்டிக்கு நான் தைலம் தேய்க்கிறேன்."

"தைலத்துக்கெல்லாம் கேக்காது."

"கேக்க வைக்கிறேன், காலை நீட்டுங்க."

தினம் அரை மணி நேரம் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவளுக்கு மூச்சு வாங்கியது. அதோடு போகவில்லை. காய்கறிப் பையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். மூன்று மாடிக்கும் அவள் பாரம் சுமந்து முன்னால் ஏற, பின்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு மாஸ்டர் நொண்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டபோது தன்னையே நாலு அறை அறைய வேண்டும் போல அவருக்கு இருந்தது. டாக்டர் வேண்டாம் என்ற மூன்றையும் ஒரே திட்டத்தில் அவளுக்குக் கொடுத்த மகானுபாவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஐந்தாம் நாள் முட்டி அற்புதமாகக் குணமாகிவிட்டது. பை அவர் கைக்குத் திரும்பி வந்தது. அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அடுத்த வாரம், சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவளே பேச்சை எடுத்தாள். அவருடைய விரல் அப்போது டம்ளர் விளிம்பில் எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்குறீங்க. எனக்கும் கொஞ்சம் கொடுங்களேன்."

"உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"நீள நீளமா இருக்கே, அதை எல்லாம் எப்படி உடைக்கிறதுன்னு ஆசையா இருக்கு."

"இருபத்தெட்டு வருஷமா வராத ஆசை?"

"இருபத்தெட்டு வருஷமா எங்க நேரம் இருந்துச்சு? வீட்டு வேலைக்கே சரியாப் போச்சு."

"இப்ப மட்டும் வேலை குறைஞ்சிடுச்சா?"

"குறைக்கணும். சும்மா வேணாம், ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்க. நான் ஒரு வீட்டு வேலை சொல்லிக் கொடுக்குறேன். அன்னிலேருந்து அந்த வேலை உங்களுது."

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. எப்படி இவளை உட்கார வைப்பது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தவருக்கு, அவளே வலிய வந்து வலையில் விழுகிறாள்! உடனே ஒத்துக்கொண்டால் சந்தேகப்படுவாள் என்று கொஞ்சம் முகம் சுளித்தார். ஆம்பிளை, வேலைக்குப் போகிறவன் என்று இரண்டு வசனம் பேசினார். பிறகு பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தார்.

அன்றைக்கே அறிக்கையை அகராதியிலிருந்து உருவிப் பயிற்சி நிலையத்து மேசை டிராயருக்கு மாற்றினார். மாணவி அகராதியைத் தொடுவாள் அல்லவா? இத்தனை தூரம் முன்யோசனை தனக்கு இருப்பதை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

முதல் பாடம் இன்ஃபர்மேஷன்.

"இன்-ஃபர்-மே-ஷன். நாலு துண்டு. மூணாவதுல ஓங்கித் தட்டு."

"ஏன் மூணாவது?"

"ஷன்னு முடிஞ்சா அதுக்கு முந்தின துண்டுல அடி விழும்."

"வந்து நிக்கிறது ஷன். அடி வாங்குறது அதுக்கு முந்தினவனா?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான்."

"பாவம். நம்ம வீட்டுல உங்கள மாதிரி."

அவளுடைய முதல் பாடம் குக்கர். அரிசியை அரை டம்ளர் அளந்து போடச் சொன்னாள்.

"அரை டம்ளர் யாருக்குப் பத்தும்?"

"ஒரு ஆளுக்குப் பத்தும். முதல்ல ஒரு ஆளுக்குக் கத்துக்கங்க."

"சரி. எத்தனை விசில்?"

"மூணு. மூணாவதுல அணைச்சிடணும்."

"மூணாவதுல அழுத்தம்!" என்று சந்தோஷமாகக் கரண்டியால் அடுப்பு மேடையில் ஒரு போடு போட்டார். கண்ணாடிக் குடுவை ஒன்று கீழே விழுந்து உடைந்தது. அதனால் கண்ணாடித் துண்டைக் கூட்டி அள்ளுவது எப்படி என்பது அன்றைக்கே இரண்டாம் பாடமாகப் போயிற்று.

இப்படியே நாட்கள் ஓடின. அவர் ஃபோட்டோகிராஃபி கொடுத்தால் அவள் சட்டைக் காலருக்கு இஸ்திரி போடக் கொடுத்தாள். 'கிராஃபி, லிட்டி, பதி என்றெல்லாம் முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது துண்டில் அடி' என்று சூத்திரம் கொடுத்தார். அவள் எந்தப் பொடி எந்த டப்பாவில் என்று சீட்டு எழுதி ஒட்ட வைத்தாள். கேஸ் தீர்ந்தால் யாருக்கு போன், வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில், காய்ச்சல் வந்தால் அவருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எல்லாம் வந்தது. அவர் அடுப்படியில் வியர்த்து வழிய, அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து மடியில் அவர் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏதோ தைத்துக்கொண்டிருப்பாள். ஊசி நூல் பெரிய பாரம் இல்லை என்பதால் மாஸ்டர் அதற்குத் தடை சொல்லவில்லை. சூடு பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு, எப்படி ஏமாற்றி உட்கார வைத்திருக்கிறேன் பார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். சிரித்து முடிந்ததும் அவள் கால் வீங்கியிருப்பது கண்ணில் படும்.

ஒருநாள் அவள் கேட்டாள்.

"ஏழு துண்டுல வார்த்தை இருக்காங்க?"

மாஸ்டர் அவசரமாக வேறொரு வார்த்தையைப் பிடித்தார். "இருக்கே. இன்-டஸ்ட்-ரி-ய-லை-சே-ஷன்."

அவள் மேசையில் தட்டிப் பார்த்தாள். "இதுல ஆறாவதுல அடி விழுது. அஞ்சாவதுல விழுற மாதிரி?"

"அது... இன்-டி-வி-ஜு-வா-லி-ட்டி."

தட்டினாள். மறுபடி தட்டினாள். அவள் முகத்தில் ஏதோ வந்து போனது. "இதே தாளத்துல இன்னொண்ணு இருக்கா?"

"கிடையாது," என்றார் மாஸ்டர். "இங்கிலீஷ்லயே கிடையாது."

"சரிங்க," என்று அவள் சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

நான்காவது மாசம் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரிய டாக்டர் லீவு. ஒரு சின்ன டாக்டரம்மா உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் மக்கர் செய்தது.

"ஃபைல் ஓப்பன் ஆகல. இவங்களுக்கு என்ன பிரச்சனைன்னு சொல்லியிருக்காங்க?"

"ரத்தம் கம்மி," என்று மாஸ்டர் முந்திக்கொண்டார். சொல்லிவிட்டு மனைவிக்குத் தெரியாமல் டாக்டருக்குக் கண்ணைக் காட்டினார். புருவத்தை ஏற்றினார். இறக்கினார்.

"உங்களுக்கும் கண்ணுல ஏதாவது பிரச்சனையா சார்?"

"அவரை விடுங்கம்மா," என்றாள் மனைவி. வலது கை விரலை டாக்டரின் மேசையில் வைத்தாள். ஏழு தட்டு. ஐந்தாவது மட்டும் ஓங்கி. "கார்டியோமையாபதி."

மாஸ்டரின் புருவம் மறுபடி ஏறியது. இந்தத் தடவை இறங்கவில்லை.

"அடேயப்பா!" என்றாள் டாக்டரம்மா. "எங்கூடப் படிச்சவங்கள்லயே பாதிப் பேர் தப்பா சொல்வாங்க. யாரும்மா இவ்வளவு சுத்தமா சொல்லிக் கொடுத்தது?"

"வீட்டுக்காரர்தான்," என்றாள் அவள்.

பரிசோதனை முடிந்தது. கூடவுமில்லை, குறையவுமில்லை, அப்படியே இருக்கிறது, இதே மாத்திரை என்றார்கள். வெளியே அதே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"யார் சொன்னது? எதிர்வீட்டு நர்ஸ்தானே? என்கிட்ட சத்தியம் பண்ணினா!"

"அவ சத்தியத்தை மீறல. நான் வார்த்தையைச் சொன்னேன், அவ தலையை மட்டும் ஆட்டினா."

"வார்த்தை உனக்கு எப்படி..."

"உங்க விரல் சொல்லிச்சு." அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "டீ டம்ளர்ல, பஸ் கம்பியில, தூங்கும்போது என் தோள்ல. எப்பப் பாரு ஏழு தட்டு, அஞ்சாவதுல அடி. மத்த வார்த்தைன்னா ஒரு நாள் தட்டிட்டு விட்டுடுவீங்க. இதை விடவே இல்ல. என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் பாடம் கேட்டேன்."

"நான்தான் இன்டிவிஜுவாலிட்டின்னு சொன்னேனே?"

"தாளம் சரிதான். ஆனா அந்த வார்த்தைக்காக யாருங்க தூக்கத்துல அழுவாங்க?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்புறம் உங்க அகராதியை எடுத்தேன். நான் ஒண்ணும் தேடல. நீங்க தினம் திறந்து திறந்து, அது தானாவே அந்தப் பக்கத்துல விரிஞ்சுச்சு. அதுல ஏழு துண்டு, அஞ்சாவதுல அடி, ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. இதைத் தவிர உங்க முட்டி வலி வேற. வலின்னு தைலத்துக்கு நீட்டினது வலது கால், படியில நொண்டினது இடது கால்."

"தெரிஞ்சுமா தேய்ச்சே?"

"பாவமா இருந்துச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"வாழ்க்கையில முதல் தடவையா ஒரு ரகசியத்தை வச்சுக் காப்பாத்திட்டிருந்தீங்க. கெடுப்பானேன்?"

சிரிக்க வேண்டிய இடம். மாஸ்டர் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு அரை டம்ளர் அரிசி நினைவுக்கு வந்தது. நாலு மாசத்தில் இஸ்திரி வந்தது, டப்பாச் சீட்டு வந்தது, பத்திரப் பெட்டி வந்தது. இரண்டு ஆளுக்கு அளவு என்ன என்ற பாடம் வரவே இல்லை. சமைக்கிற அன்றைக்கெல்லாம் அவளுடைய பங்கை அவளே அளந்து போட்டிருக்கிறாள்.

"ஒரு ஆளுக்குன்னு..." என்று ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. போகிற வருகிற ஆட்களைப் பற்றிக் கவலைப்படாமல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். தான் அவளை உட்கார வைத்து அவள் வேலைகளை வாங்கிக்கொண்டதாக நினைத்ததெல்லாம், அவள் தன்னைத் தனியாக நிற்கப் பழக்கிய பழக்கம். அவள் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதுவும் அவரே இஸ்திரி போட்டது.

"இன்னும் எத்தனை பாடம் பாக்கி?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணுதான். பொத்தான் தைக்கணும்."

அந்த நிமிஷமே மாஸ்டர் அடுத்த சபதத்தை எடுத்தார். பொத்தான் தைக்கக் கற்றுக்கொள்வதில்லை. செத்தாலும் கற்றுக்கொள்வதில்லை. பாடம் முடியாமல் வாத்தியார் எப்படிப் போக முடியும்? இத்தனை வருஷம் பாடம் நடத்தியவருக்குத் தெரியாதா, மக்கு மாணவனை விட்டுவிட்டு எந்த நல்ல வாத்தியாரும் எழுந்து போனதில்லை.

சொன்னபடியே செய்தார். பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து அவள் பொத்தான் தைக்கச் சொன்னால், முன்பக்கத்துப் பொத்தானை முதுகில் தைத்தார். பொத்தானையும் தன் வேட்டியையும் சேர்த்துத் தைத்தார். ஊசிக் காதில் நூல் கோக்கவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். விரலில் குத்திக்கொண்டு, "பாரு, எனக்கு இது வராது போல," என்று வெற்றியோடு காட்டுவார். அவள் பொறுமையாகப் பிரித்துவிட்டு, "நாளைக்குப் பாக்கலாம்," என்பாள். அந்த 'நாளைக்கு' என்ற வார்த்தையைக் கேட்கத்தான் அவர் விரலில் அத்தனை ஓட்டை போட்டுக்கொண்டார். மூன்று வாரம் இப்படி ஓடியது. இந்த ஒன்றிலாவது அவளை ஜெயித்துவிட்டோம் என்று மாஸ்டர் நிம்மதியாகத் தூங்கினார்.

ஒரு திங்கட்கிழமை காலை வகுப்புக்குக் கிளம்பும்போது இன்னும் ஒரு படி மேலே போக நினைத்தார். வேலைக்குப் போடுகிற நல்ல சட்டையிலேயே ஒரு பொத்தானைப் பிய்த்துக்கொண்டு போய் அவள்முன் நின்றால், அவளே தைத்துத் தந்தாக வேண்டும். நீ இல்லாமல் ஒரு நாள் தள்ளாது என்று அவளுக்கும் புரியும். அலமாரியைத் திறந்து நீலச் சட்டையை எடுத்தார். பொத்தானைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. முறுக்கினார். பல்லால் கடித்து இழுத்தார். பல்தான் ஆடியது. வெள்ளைச் சட்டையை எடுத்தார். அதுவும் வரவில்லை. கோடு போட்ட சட்டை, கட்டம் போட்ட சட்டை, ஒன்றொன்றாகக் கட்டிலில் எறிந்தார். பதினொரு சட்டை. ஒரு பொத்தான்கூட அசையவில்லை.

ஜன்னலோர நாற்காலியிலிருந்து அவள் நிமிர்ந்து பார்த்தாள். மடியில் பன்னிரண்டாவது சட்டை இருந்தது.

"இழுக்காதீங்க, துணிதான் கிழியும். பொத்தான் தைக்க உங்களுக்கு வராதுன்னு எனக்கு ஆரம்பத்துலேயே தெரியும். எல்லாத்தையும் இரட்டை நூல் போட்டுத் தைச்சு வச்சுட்டேன்."